ஐந்து என்றால் பின்னால்

என் மனைவி என்னை விட்டுப் போகப்போகிறாள் என்ற சேதியை எனக்குச் சொன்னவர் என் சகலை. சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது. புக்கிட் மேராவில் அவர் வீட்டுக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் இருவரும் இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பந்தாட்டத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்த மனிதர், பேச்சோடு பேச்சாக, "எங்க கடைசி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. ஏர்கானும் மாத்தியாச்சு. உங்க வீட்டுல எப்ப வேணும்னாலும் வந்துடலாம். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டீங்க, அதுக்கு மேல நான் என்ன சொல்றது லா" என்றார்.

"ஆமா, ஆமா" என்றேன்.

நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பயிற்சித் திடலில் பையன்களை நடக்க வைப்பதுதான் அங்கே என் வேலையாக இருந்தது. கன்னத்தில் கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டுப் போனாலும் முகம் அசையாமல் நிற்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பாடம் அன்றைக்கு எனக்கே கைகொடுத்தது. மிச்சத் தேநீரை ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது. சகலை கவனிக்கவில்லை, பந்தாட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தேன். குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடி புளோக், எட்டாவது மாடி. மகள் கல்யாணமாகி மெல்பர்ன் போனதிலிருந்து நாங்கள் இரண்டே பேர். என் மனைவி சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அத்தான் நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். "இருக்காரு" என்றேன். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் மடித்து வைத்த துணிகளில் என்னுடையது தனியாகவும் அவளுடையது தனியாகவும் இருந்தன. எப்போதும் அப்படித்தான் வைப்பாள். அன்றைக்கு மட்டும் இரண்டு அடுக்கையும் மாறி மாறிப் பார்த்தேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கெட்ட புருஷன் இல்லை. குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்தவன். எதையும் தள்ளிப்போடாமல் முடிவெடுத்து, செய்து முடித்து, அதன் பிறகு அவளிடம் சொல்கிறவன். வீட்டை விட்டு ஒரு மனுஷி போவதற்கு இதில் என்ன காரணம் இருக்கிறது என்று அந்த ராத்திரி முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. கோபம்தான் வந்தது.

அந்த வாரமே அவள் ஒரு விஷயம் சொன்னாள். நான் எதிர்பார்த்த விஷயம் இல்லை.

"ஜாலான் புசார்ல ஒரு சால்சா கிளாஸ் இருக்கு. சேர்ந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயந்தரம்."

இந்த வயதிலா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "நானும் வரேன்" என்றேன்.

"நீங்களா?"

"ஏன், வரக்கூடாதா?"

"ஒருத்தர் பேருதான் குடுத்திருக்கேன்."

"இன்னொரு பேரு குடு."

 அவள் கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். என் கணக்கு எளிமையானது. கண் பார்வையில் இருக்கிறவரை யாரும் காணாமல் போய்விட முடியாது. கூடவே போவோம், நன்றாக ஆடிக் காட்டுவோம், அவள் மனசு மாறும். சால்சா என்றால் என்ன, காலை எடுத்துக் காலை வைப்பதுதானே. அந்த வேலையில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று நினைத்தேன்.

வகுப்பு ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்தது. கீழே இரும்புச் சாமான் கடை, ஞாயிற்றுக்கிழமை அடைத்திருக்கும். ஆனாலும் படிக்கட்டு முழுக்க இயந்திர எண்ணெய் வாடை வரும். மேலே மரத்தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் மகள் வயது. ஆசிரியர் மலாய்க்காரத் தம்பி, முப்பது வயது இருக்கும், முடியைக் கொண்டை போட்டிருந்தார். சிரித்துக்கொண்டே வந்து என் மனைவியிடம், "ஆன்ட்டி, இதுக்கு முன்னால ஆடியிருக்கீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, இவள் ஆடினதே இல்லை" என்றேன் நான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஸ்கூல்ல ஆடியிருக்கேன். உங்ககிட்ட சொல்லியிருக்கேன்" என்று தமிழில் மெதுவாகச் சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை. இப்போதும் இல்லை.

பாடம் என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. எட்டு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி வைக்க வேண்டும், நாலில் சும்மா இருக்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு என்று மறுபடி அடி, எட்டில் சும்மா. ஆண் ஒன்றுக்கு இடதுகாலை முன்னால் வைக்கிறான், இரண்டுக்கு வலதுகாலை நின்ற இடத்திலேயே மிதிக்கிறான், மூன்றுக்குக் காலைச் சேர்க்கிறான். ஐந்து என்றால் வலதுகால் பின்னால் போக வேண்டும், பிறகு முன்போலவே மிதித்துச் சேர்க்க வேண்டும். பெண்ணுக்கு எல்லாம் எதிர்ப்பக்கம். அவன் முன்னால் வரும்போது அவள் பின்னால் போகிறாள், அவன் பின்னால் போகும்போது அவள் முன்னால் வருகிறாள். அவ்வளவுதான். இதற்கா காசு கொடுத்து வருகிறார்கள் என்று இருந்தது.

இசையைப் போட்டார். இடதுகாலில் தொடங்குவது எனக்குத் தாய்ப்பால் மாதிரி. ஒன்றுக்குக் குதிகாலை ஊன்றி வைத்தேன். தரை அதிர்ந்தது. முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். நாலு வந்தபோது சும்மா இருக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் என் கால் கேட்கவில்லை. இந்த நாட்டில் அணிநடைக் கட்டளைகள் மலாயில் இருக்கும். இடது, வலது, இடது என்பதைக் கிரி, கனான், கிரி என்று வாழ்நாளெல்லாம் கத்தியவனுக்கு நடுவில் ஓர் எண்ணைக் காலியாக விட வராது. நாலிலும் ஓர் அடி விழுந்தது. அதனால் ஐந்தில் தப்புக்கால் வந்தது.

அணிநடையில் தப்புக்கால் வந்துவிட்டால் அதற்கென்று ஒரு வித்தை இருக்கிறது. நடையை நிறுத்தாமலே, ஒரு காலைச் சட்டென்று இன்னொரு காலின் பக்கத்தில் இடித்து, அரை அடி குறைத்து வைத்து, சரியான காலுக்கு வந்துவிடலாம். பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. நான் அதைத்தான் செய்தேன். யோசித்துச் செய்யவில்லை, தானாக வந்தது. அந்த அரை அடி நேராக என் மனைவியின் கால்விரல் மேல் இறங்கியது.

"ஸ்ஸ்" என்றாள்.

"நீ லேட்டா வர்ற" என்றேன்.

ஆசிரியர் இசையை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கிள், ஆர்மியா?" என்றார். தலையாட்டினேன். "ஹெந்தாக் காக்கி வேணாம் அங்கிள்" என்றார். நின்ற இடத்தில் காலை மிதிப்பதற்கான கட்டளை அது. தேசிய சேவை என்று கட்டாய ராணுவப் பயிற்சி முடித்த பையன்கள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. குனிந்து விரலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதைவிட மோசமான ஒன்று அதற்குப் பிறகுதான் வந்தது. சால்சா வகுப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒருதரம் ஆசிரியர் கைதட்டுவார். பெண்கள் எல்லாரும் அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட வேண்டும். யாரும் எனக்கு இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. கையைத் தட்டினார், என் மனைவி என் கையை விட்டுவிட்டு ஓர் இந்தோனேசியப் பையனிடம் போனாள். எனக்கு ஒரு சீனப் பெண் வந்தாள். அவளை நான் எப்படி ஆட்டுவித்தேன் என்று நினைவில்லை, என் கண் முழுக்கக் கண்ணாடியில்தான் இருந்தது. பையன் பொல்லாதவன் இல்லை, பாவம், பயந்துபோய்க் கைநீட்டும் தூரத்தில் நின்று ஆடினான். ஆனால் அவனோடு அவள் முன்னால் வந்தாள். ஐந்துக்கு அவன் பின்னால் போனதும் அவள் பாட்டுக்கு முன்னால் வந்தாள், ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். அந்த மாடியின் ஏர்கான் குளிரிலும் என் சட்டை நனைந்துவிட்டது.

சுற்றி முடித்து என்னிடமே திரும்பி வந்தாள். மறுபடி ஆடினோம். பாட்டு முடிவதற்குள் அவள் முதுகு கண்ணாடியில் முட்டிக்கொண்டது. அறையின் நடுவில் தொடங்கியவர்கள் நாங்கள். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தோம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆசிரியருக்குப் புரிந்தது. "அங்கிள், நீங்க ஒண்ணுக்கு முன்னால போறீங்க, நல்லா போறீங்க. ஆனா அஞ்சுக்குப் பின்னால போறதே இல்ல. நின்ன எடத்துலயே மிதிக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும் ஆன்ட்டி பின்னால போறாங்க, முன்னால வர எடமே இல்ல."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவள் மேல் எரிந்து விழுந்தேன். "நீ கொஞ்சம் தைரியமா முன்னால வந்தா நான் பின்னால போகப்போறேன். நீ வந்தாத்தானே?"

"எங்க வரட்டும்?" என்றாள். "நீங்க நிக்கிறீங்களே அங்க."

 சிராங்கூன் ரோடு பக்கம் போகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து புகுந்து போனது. அவள் கூட்டத்தில் மறையும்போதெல்லாம் நான் எக்கிப் பார்த்தேன். இப்படியே நடந்து புக்கிட் மேராவுக்கு, அவள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று இருந்தது.

அப்போது வீட்டில் பொருட்கள் குறைய ஆரம்பித்திருந்தன. சனிக்கிழமைதோறும் அவள் துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு புக்கிட் மேரா போவாள். "அக்காவுக்குப் புடவை" என்பாள். அலமாரியைத் திறந்து பார்த்தேன். புடவைகள் கலைந்து சாய்ந்து கிடந்தன, முன்பு நடுவில் விரலை நுழைக்க முடியாதபடி இருக்கும். அவள் படிக்கிற கண்ணாடியில் ஒன்று காணவில்லை. அம்மன் படம் ஒன்று சுவரில் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் இட்லிப் பானை.

"இட்லிப் பானை எங்க?"

"அக்கா கேட்டா. குடுத்துட்டேன்."

"நாம எதுல இட்லி வேக வைக்கிறது?"

"நீங்கதான் சப்பாத்தி சாப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களே. சுகர்னு."

உண்மைதான். டாக்டரிடம் போய்விட்டு வந்து நான்தான் அப்படி அறிவித்திருந்தேன். சர்க்கரை எனக்கு, சப்பாத்தி இரண்டு பேருக்கும். அதைக்கூட அவள் குத்தலாகச் சொல்லவில்லை, விலைப்பட்டியல் படிப்பது மாதிரிச் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போடுகிறவள் போகமாட்டாள்.

நான் புளோக்குக்குக் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் வெற்றுத்தளத்தில் பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, தூணுக்கு முன்னால் நின்று, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு. ஒன்றுக்கு முன்னால் போகத் தகராறே இல்லை. நாலை விடுவதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வழியாக வந்தது. ஐந்துதான் வரவில்லை. கால் பின்னால் போகும், உடம்பு போகாது. எடை முழுக்க முன்காலிலேயே நிற்கும். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படிப் போவான்? திடலில் ஒவ்வொரு அடிக்கும் எதிரே பார்ப்பேன். பின்னால் நகரும் கட்டளையும் உண்டு, அதை வரிசையைச் சரி செய்யத்தான் கொடுப்போம், அதுவும் மற்றவர்களுக்கு. தினமும் மெதுநடை போகும் சீனக் கிழவர் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சுற்று வழியாகப் போனார்.

வகுப்பு முடியும் தறுவாயில் ஒரு ஞாயிறு. ஆசிரியருக்கு என்ன தோன்றியதோ, எங்கள் இருவரையும் நடுவில் நிறுத்தி, "இன்னிக்கு ஆன்ட்டிதான் ஆம்பிள. அங்கிள் பொம்பள. மாத்தி ஆடுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் இடதுகையை எடுத்துத் தன் தோள் மேல் வைத்துவிட்டாள். தன் வலதுகையை என் முதுகில் வைத்தாள். கை இலேசாக இருந்தது. வைத்திருக்கிறாளா எடுத்துவிட்டாளா என்று அடிக்கடி சந்தேகம் வந்தது.

ஒன்று என்றதும் அவள் முன்னால் வந்தாள். நான் பின்னால் போக வேண்டும். போனேன், வேறு வழி இல்லை. தடுமாறினேன். அந்த இடத்தில் என்ன நினைத்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. இப்போது இவள் எனக்கு நான் செய்ததைத் திருப்பிச் செய்யப்போகிறாள், தள்ளிக்கொண்டே போய்க் கண்ணாடியில் முட்ட வைக்கப்போகிறாள், வகுப்பு சிரிக்கப்போகிறது என்று நினைத்தேன். உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

ஐந்து வந்தது. அவள் பின்னால் போனாள்.

முழுதாகப் போனாள், ஒப்புக்கு இல்லை. எனக்கு எதிரே ஓர் அடி இடம் காலியாகக் கிடந்தது. நான் அசையாமல் நின்றேன். "வாங்க" என்றாள் மெல்ல. உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. "வாங்க, ஏழு முடியப்போகுது." போனேன். அடுத்த எட்டிலும் அவள் எனக்காகப் பின்னால் போனாள். அதற்கு அடுத்ததிலும். பாட்டு முடியும்போது நாங்கள் தொடங்கிய அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். அவள் பழிவாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசி வாரம் பாடம் கிடையாது. அந்த மாடியிலேயே ஒரு சின்ன ஆட்ட நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்டு ஆடலாம். ஒரு பாட்டு, பிறகு நன்றி சொல்லிப் பிரிய வேண்டும். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை அவள் எடுத்துப்போனது பை இல்லை, சக்கரம் வைத்த பெட்டி. மகள் மெல்பர்ன் போனபோது வாங்கினோமே இரண்டு, அதில் ஒன்று. "அக்கா எங்கயோ டூர் போறாளாம்" என்றாள். பெட்டி கனமாக இருந்தது. நான்தான் லிஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே கொடுத்தேன்.

ஆக, எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பாட்டுத்தான். அதை ஒழுங்காக ஆடிவிட்டால் பெட்டி திரும்பி வந்துவிடும் என்று நம்பினேன். இப்போது சொல்லும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அன்றைக்கு அதைத் தவிர எனக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

நான் கேட்பதற்குள் அந்த இந்தோனேசியப் பையன் அவளைக் கேட்டுவிட்டான். அடுத்து ஆசிரியர். அடுத்து இன்னொருவர். நான் சுவரோரம் நின்றேன். சீனப் பெண் வந்து, "அங்கிள், ஆடலாமா?" என்றாள். கால் வலிக்கிறது என்று பொய் சொன்னேன். பிறகு ஒரு பாட்டு முடிந்து என் மனைவி விசிறிக்கொண்டு நின்றபோது நேரே போனேன். வழக்கமாக நான் "வா" என்பேன். கையை நீட்டி, "ஆடலாமா?" என்றேன்.  அவள் கையைத் துண்டில் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

பாட்டு எனக்குப் பழக்கமில்லாதது, வேகமானது. முதல் கொஞ்ச நேரம் தப்பில்லாமல் போயிற்று. நாலை விட்டேன். ஐந்துக்குப் பின்னால் போனேன், பாதி எடையாவது போயிற்று. பிறகு யாரோ முழங்கையால் இடித்தார்கள். எண்ணிக்கை தவறிவிட்டது. எது ஒன்று, எது ஐந்து என்று தெரியவில்லை. என் வலதுகால் தானாக இடதுகாலின் பக்கம் வந்து இடிக்கத் தயாரானது, அந்தப் பழைய அரை அடி. எனக்குள் அது கிளம்புவது தெரிந்தது. கிளம்பிய காலை அப்படியே நிறுத்தினேன்.

சுத்தமாக நின்றுவிட்டேன். சுற்றிலும் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்க, நடுவில் நாங்கள் இருவர் மட்டும் கையைப் பிடித்தபடி நின்றோம். வெட்கமாக இருந்தது. "எனக்கு விட்டுப்போச்சு" என்றேன். "எங்க இருக்கோம்னு தெரியல. நீ சொல்லு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து இசையைக் கேட்டாள். "இருங்க. இது போகட்டும்" என்றாள். நான் காத்திருந்தேன். "ஆறு, ஏழு..." என்றாள், எட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "இப்ப."

முன்னால் போனேன். நாலு காலியாகப் போயிற்று. ஐந்துக்கு வலதுகாலைப் பின்னால் வைத்து முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்தேன். பின்னால் யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவள் முன்னால் வந்தாள். தயங்காமல் வந்தாள், அவள் நெற்றி என் தாடை வரைக்கும் வந்தது, தலையில் தேய்த்திருந்த எண்ணெய் வாசனை அடித்தது. பாட்டு முடியும்வரை அப்படியே ஆடினோம். முடிந்ததும் மற்றவர்களிடம் சொல்வது போலவே என்னிடமும் "தேங்க்யூ" என்றாள். சிரித்தாள்.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் தள்ளி நின்றோம். எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அக்காவிடம் இருந்து பெட்டியை எப்போது வாங்கிவரலாம் என்று எப்படிக் கேட்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் பேசினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாமலே செஞ்சிடலாம்னுதான் இருந்தேன். புதன்கிழமை நீங்க வெளிய போனதும் சாவிய மேசையில வச்சிட்டுப் போயிடலாம்னு. சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க, நீங்களே பதிலும் சொல்லிடுவீங்க. இன்னிக்கு மாடியில நின்னுட்டு என்னக் கேட்டீங்க பாருங்க, அப்பதான் சொல்லலாம்னு தோணுச்சு."

"எனக்குத் தெரியும்" என்றேன். "அத்தான் சொல்லிட்டாரு. கிளாஸ் தொடங்கறதுக்கு முன்னாலயே."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சா? தெரிஞ்சுக்கிட்டா பெட்டிய லிஃப்ட் வரைக்கும் தள்ளிட்டு வந்தீங்க?"

"ம்."

"ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ பதில் சொல்லிடுவியோன்னு பயம்."

அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. சாலைப் பக்கம் திரும்பி நின்று, "இப்ப கேளுங்க" என்றாள்.

என் வாயில் நூறு வாக்கியம் இருந்தது. மகள் என்ன நினைப்பாள், அக்கா வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும், நான்தான் மாறிவிட்டேனே, பார்த்தாயே. எல்லாமே அவளைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிற வாக்கியங்கள். ஒன்றையும் எடுக்கவில்லை.

"போறியா?" என்றேன்.

 நான் எதையும் இட்டு நிரப்பாமல் நின்றேன். ஒரு பஸ் வந்தது, எங்களுடையது இல்லை, போயிற்று.

"ஆமாங்க" என்றாள்.